ஜப்பான் கணக்கில் நாலு வயது

புதிதாகத் துபாசி வேலைக்கு வந்திருக்கும் நீங்கள் மூன்று பேரும் போன வாரம் என்னைப் பார்க்க வந்தபோது, துபாசி வேலையில் மிகவும் கஷ்டமான சொல் எது என்று கேட்டீர்கள். சுரங்கத்துச் சொல்லா, கோர்ட்டுச் சொல்லா என்று உங்களுக்குள்ளேயே வாதாடவும் செய்தீர்கள். அன்றைக்கு எனக்கு இருமல். பதில் சொல்ல மூச்சு இடம் கொடுக்கவில்லை. இப்போது எழுதுகிறேன். என்னைத் திணறடித்த சொல் ‘வருஷம்’.

சிரிக்க வேண்டாம். ஷாஃப்ட் குழி, லெவல் பாதை, கேஜ் கூண்டு எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற சாமான்கள். தமிழில் சொன்னாலும் தெலுங்கில் சொன்னாலும் விரலை நீட்டிக் காட்டிவிடலாம். வருஷத்தை எங்கே காட்டுவது?

நான் வேலைக்குச் சேர்ந்த தங்கச் சுரங்கத்தில் சீமையின் கார்ன்வால் பகுதிக் கேப்டன் ஒருவர் இருந்தார். சுரங்கக் கேப்டன் என்றால் பட்டாளத்துக்காரர் இல்லை. கீழே நடக்கிற வேலைக்கெல்லாம் தலைவர், அவ்வளவுதான். வடாற்காட்டிலிருந்து முதல்முதலாக ஆட்கள் நடந்தே வந்து கூலி லைன்களில் குடியேறிய காலத்திலேயே அவரும் வந்துவிட்டவர். சுரங்கத்துக்குள் முட்டு மரம் கட்டுகிற ஆட்களோடு பழகிப் பழகி அவர்கள் தமிழையே பேசுவார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் குடியாத்தத்து மேஸ்திரி பேசுகிறார் என்றுதான் தோன்றும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஊர்க்கதையும் பேசமாட்டார். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் பங்களா வராந்தாவில் தனியே உட்கார்ந்து பூட்ஸைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

அப்படிப்பட்டவர் ஒருநாள் ஆபீஸுக்கு வந்து, “துபாசி, என் தம்பி வர்றான்பா” என்றார். சொல்லிவிட்டு, ஏதோ சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டவர் போல உடனே வெளியே போய்விட்டார்.

தம்பி கப்பல் பட்டறையில் ஃபிட்டர். ஜப்பான் தேசத்தில் நாகசாகி என்கிற துறைமுகத்தில் வேலை பார்த்தவர். அண்ணனும் தம்பியும் சிறு வயதிலேயே பிரிந்தவர்கள். அண்ணன் அழைத்ததன் பேரில், நமது சுரங்கத்தின் என்ஜின் வேலைக்கு வந்தார். மாரிக்குப்பம் ஸ்டேஷனில் அவர் இறங்கியபோது கூடவே ஒரு ஜப்பானியப் பெண்ணும், அவள் தோளில் ஒரு பெண்குழந்தையும் இறங்கினார்கள். அவள் பெயர் ஓசாதோ. குழந்தைக்கு லிஸி என்று அப்பாவின் தாயார் பெயரை வைத்திருந்தார்கள்.

லைன் பெண்கள் அவளைச் ‘சீனாக்காரம்மா’ என்றார்கள். “சீனா இல்லை, நிஹோன், நிஹோன்” என்று அவள் சிரித்தபடி திருத்துவாள். மறுநாள் ‘நிஹோன் சீனாக்காரம்மா’ ஆனாள். கேப்டன் பங்களாவில் அதற்கப்புறம் ஜன்னல்கள் திறந்தன. வாசலில் சின்னச் சின்னத் துணிகள் காய்ந்தன. கேப்டன் குழந்தையைத் தூக்கத் தெரியாமல், வெடிமருந்துப் பெட்டியைத் தூக்குகிற மாதிரி இரண்டு கைகளையும் நீட்டித் தூக்குவார். அது அலறும். தம்பி சிரிப்பார். அந்தச் சிரிப்பு ரோட்டுக்குக் கேட்கும்.

அது ஆறு மாதம்கூட நீடிக்கவில்லை. கீழே ஒரு பம்பைச் சரிபார்க்கப் போன தம்பியின் மேல் பாறை சரிந்தது. உடலைக் கேஜில் வைத்து மேலே கொண்டு வந்தது கேப்டன்தான். கூட வந்த ஆட்கள் சொன்னார்கள்: மேலே வரும்வரை அவர் தம்பியின் தொப்பியிலிருந்த சேற்றைச் சுரண்டிக்கொண்டே இருந்தாராம்.

அடக்கம் முடிந்த பிறகு கேப்டன் ஒரு முடிவுக்கு வந்தார். தம்பியின் குழந்தையைக் கார்ன்வாலில் இருக்கும் தன் தாயாரிடம் அனுப்பிவிட வேண்டும். சீமைக்குத் திரும்புகிற ஒரு குடும்பம் கூட்டிப்போக ஒப்புக்கொண்டது. ஓசாதோவை அவள் ஊருக்கே கப்பலேற்றிவிடலாம். இதில் கொடுமை இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை. தாயாருக்கு மகன் போய்விட்டான், பேத்தியாவது போகட்டும் என்று நினைத்தார். அவருக்குள் இருந்த ஏக்கம், எதிரில் இருக்கும் இன்னொருத்தியைப் பார்க்க விடவில்லை.

சூப்பரின்டெண்டென்ட் துரை சட்டம் பார்க்கிறவர். தாயிடமிருந்து குழந்தையைப் பிரிப்பதென்றால் நாலு கேள்வி கேட்டு, பதில்களை எழுதி வைக்க வேண்டும் என்றார். சுபகிருது வருஷத்து மாசி மாதம் அது. காற்றில் கல் அரைக்கிற மில்லின் தூசி பறந்துகொண்டிருந்தது. என்னையும் கூப்பிட்டனுப்பினார்கள்.

“எனக்கு ஜப்பான் பாஷை தெரியாதே” என்றேன்.

“உனக்கு ஐந்து பாஷை தெரியும். ஆறாவது கொஞ்சமாவது புரியாமலா போகும்?” என்றார் துரை. மேலதிகாரிகளுக்கு நம் வேலையைப் பற்றி இருக்கும் அபிப்பிராயம் இதுதான், நீங்களும் கேட்பீர்கள். ஓசாதோவுக்குப் புருஷன் சொல்லிக்கொடுத்த கொஞ்சம் இங்கிலீஷ் உண்டு. அதை வைத்து ஓட்ட வேண்டும்.

துரை மேஜைக்குப் பின்னால். கேப்டன் ஜன்னலோரம். ஓசாதோ நாற்காலியின் நுனியில், மடியில் லிஸி. நான் நடுவில்.

“கல்யாணம் எந்த வருஷம் நடந்தது?” என்று துரை கேட்டார்.

“முப்பத்து மூன்று” என்றாள் அவள்.

“வயதைக் கேட்கவில்லை. வருஷத்தைக் கேட்டேன்.”

“முப்பத்து மூன்று” என்றாள் மறுபடியும், இன்னும் மெதுவாக, துரைக்குத்தான் காது மந்தம் என்பது போல.

பிறகுதான் விளங்கியது. அவர்கள் ஊரில் ராஜா பட்டத்துக்கு வந்ததிலிருந்து வருஷத்தை எண்ணுகிறார்கள். நமக்குப் பிரபவ, விபவ என்று அறுபது பெயர்கள் இருக்கிற மாதிரி, அது அவர்கள் வழி. இப்போது முப்பத்தாறு நடக்கிறது என்றாள். அப்படியானால் கல்யாணமாகி மூன்று வருஷம். அதைத் துரை எழுதிக்கொண்டார்.

“குழந்தைக்கு என்ன வயது?”

ஓசாதோ நாலு விரல்களைக் காட்டினாள். “நாலு வருஷம்.”

பேனா நின்றது. கேப்டன் திரும்பிப் பார்த்தார்.

“மூன்று வருஷக் கல்யாணத்தில் நாலு வயதுக் குழந்தையா? நன்றாகக் கேள்” என்றார் துரை.

கேட்டேன். அவள் தயங்காமல் அதையே சொன்னாள். நாலு.

கேப்டன் முகம் மாறியதை நான் பார்த்தேன். தம்பி நாகசாகியில் கால் வைத்தே நாலு வருஷம் நிறையவில்லை என்பது அவருக்குத் தெரியும். அவர் என்னிடம் தமிழிலேயே பேசினார், துரைக்குப் புரிய வேண்டாம் என்று.

“இன்னா துபாசி, அப்போ இது எவனோட புள்ளையோ. என் தம்பி இதுக்குப் பேரு குடுத்து வெச்சிருந்தானா?”

“கொஞ்சம் பொறுங்க தொரை.”

“இன்னாத்துக்குப் பொறுக்கிறது? இட்டுக்கினு போவச் சொல்லு. ரெண்டும் போவட்டும். எங்கம்மாவுக்கு யாரோட புள்ளையையோ அனுப்பறதா?”

இந்த இடத்தில் நீங்கள் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒரு நிமிஷத்துக்குள் குழந்தை தாயிடமே தங்கிவிட்டது. அவளுக்கு வேண்டியதும் அதுதான். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். ஆனால் அந்தக் குழந்தைக்கு நாலு வயது இல்லை. நான் மூன்று பிள்ளைகளை வளர்த்தவன். அம்மா மடியில் இருந்துகொண்டு அது பேனாவைப் பார்த்த பார்வையும், நழுவி இறங்கி நின்று மறுபடி முழங்காலைப் பிடித்துக்கொண்ட விதமும் நாலு வயதுக் குழந்தைக்கு உரியவை அல்ல. மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் இரண்டு பேரும் பிரம்மசாரிகள். உருவத்தில் சிறிய ஜாதி, அதனால் சிறிய குழந்தை என்று எடுத்துக்கொண்டார்கள்.

“ஒரு சொல்லைச் சரிபார்க்க வேண்டும், வெளியே போய் வர உத்தரவு வேண்டும்” என்று துரையிடம் கேட்டேன். முகத்தைச் சுளித்துக்கொண்டே கொடுத்தார்.

வராந்தாவில் ஓசாதோவிடம் வயதைக் கேட்கவில்லை. பிறந்தபோது குளிரா, வெயிலா என்று கேட்டேன்.

குளிர், என்றாள். கல்யாணம் நடந்த அதே வருஷத்தின் கடைசி மாதம். ஊரே புது வருஷத்துக்காக அரிசியை வேகவைத்து உரலில் இடித்துக்கொண்டிருந்தது. அவள் கைகளை உயர்த்தி இடித்துக் காட்டினாள். குழந்தை பிறந்ததும் ஒன்று. சில நாளில் புது வருஷம் வந்தது. உடனே இரண்டு. கழுத்துகூட நிற்காத குழந்தைக்கு இரண்டு! அவள் ஊரில் வயது என்பதும் வருஷம் என்பதும் ஒரே சொல், ‘தோஷி’. யாருக்கும் தனியாகப் பிறந்தநாள் கணக்கில்லை. புது வருஷம் பிறந்தால் ஊரில் எல்லோருக்கும் ஒன்றாக ஒரு வயது ஏறும்.

எனக்கு லைன் பெண்கள் பேசுவது ஞாபகம் வந்தது. “ரெண்டு முடிஞ்சி மூணு நடக்குது” என்போமே, அந்த நடக்கிற வயது. லிஸிக்கு வெள்ளைக்காரர் கணக்கில் இரண்டு. நம் கணக்கில் மூன்று நடக்கிறது. அவள் அம்மா கணக்கில் நாலு. குழந்தை ஒன்றுதான். யாரும் பொய் சொல்லவில்லை.

நான் அவளுக்கு இதை மெதுவாகச் சொன்னேன். உள்ளே என்ன நினைக்கிறார்கள் என்பதையும் சொன்னேன். கடைசியாக, மறைக்காமல், “அவர்கள் தப்பாக நினைத்தால் குழந்தை உங்களோடு வரும். நான் சரியாகச் சொன்னால் எடுத்துக்கொள்வார்கள்” என்றேன்.

அவள் சுரங்க வாய்க்கு மேலே ஹெட்கியரின் சக்கரங்கள் சுழல்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேஜ் இறங்கிக்கொண்டிருந்தது.

“அண்ணன் நினைக்கிறார், என் வீட்டுக்காரர் அப்பா இல்லை என்று?”

“ஆமாம்மா.”

“அவர் இங்கே மண்ணில் இருக்கிறார். நான் தூரம் போகிறேன். இங்கே எல்லோரும் சொல்வார்கள், அவருக்குக் குழந்தை இல்லை.”

“குழந்தையை எடுத்துக்கொள்வார்கள் அம்மா. யோசிங்க.”

“யோசித்தேன்” என்று சொல்லி எழுந்து, எனக்கு முன்னால் உள்ளே போனாள்.

தம்பிகளே, நான் சொல்ல வந்தது இந்த இடத்தைத்தான். உண்மையை உடனே போட்டு உடைக்கவும் எனக்கு அதிகாரம் இல்லை, இரக்கப்பட்டு விழுங்கவும் அதிகாரம் இல்லை. சொல் அவளுடையது. அது என்ன செய்யப்போகிறது என்பதைக் காட்டிவிட்டு, நான் அவள் பின்னால் நடந்தேன்.

துரைக்கு எப்படி விளக்குவது? அவர் பெங்களூர் ரேசில் பெண்குதிரை ஒன்றை ஓடவிட்டுக்கொண்டிருந்தார். “துரை அவர்கள் மன்னிக்க வேண்டும். சீமைக் குதிரைகளுக்கு எப்போது ஒரு வயது கூடுகிறது?” என்றேன்.

“ஜனவரி முதல் தேதி. எல்லாக் குதிரைக்கும்.”

“எந்த மாதம் பிறந்திருந்தாலுமா?”

“எந்த மாதம் பிறந்தாலும்—” என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். ஓசாதோவைப் பார்த்தார். குழந்தையைப் பார்த்தார். “அட கடவுளே” என்றார்.

“இவர்கள் ஊரில் மனிதர்களுக்கும் அப்படித்தான். கூடவே, பிறந்த அன்றைக்கே ஒன்று. இந்தக் குழந்தைக்கு நம் கணக்கில் இரண்டு வயதும் மூன்று மாதமும்.”

குழந்தையைக் குதிரையோடு சேர்த்துப் பேசினோமே என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. ஓசாதோவுக்கு அந்தக் கவலை இல்லை. கேப்டன் முன்னால் போய் நின்று, “உங்கள் தம்பி. இவள் அப்பா” என்றாள். கேப்டன் சுவரில் சாய்ந்துகொண்டார். பிறகு இரண்டு கைகளையும் நீட்டினார். அவள் குழந்தையைக் கொடுத்துவிட்டாள். அதை நான் எதிர்பார்க்கவில்லை.

அவர் லிஸியைத் தூக்கிக்கொண்டு வராந்தாவுக்குப் போனார். உள்ளே நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம். முதலில் சிணுங்கல். அப்புறம் அழுகை. “தோ பாரு, தோ பாரு கேஜு” என்று அவர் தமிழில் சமாதானம் சொன்னார். குழந்தையோடு பேச வேறு பாஷை அவருக்கு மறந்துவிட்டது போலும். ஷிஃப்ட் சங்கு ஊதியது. குழந்தை வீறிட்டது. ஓசாதோ நாற்காலியின் கையைப் பிடித்தபடி எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

கேப்டன் திரும்பி வந்து குழந்தையை அவள் மடியில் வைத்தார். அவர் சட்டையெல்லாம் ஈரம்.

“துபாசி, என்னால முடியல. ஓசாதோகிட்ட சொல்லு. ஒரு வருஷம் வெச்சிக்கட்டும். அப்பால நானே நாகசாகிக்குப் போய் இட்டாறேன்.”

நான் “ஒரு வருஷம்” என்று இங்கிலீஷில் சொன்னேன். அவள் முகம் இருண்டது. “புது வருஷம் வரைக்குமா?” என்றாள். அவள் மனதில் வருஷம் மார்கழிக் குளிரில் முடிந்துவிடுகிறது. மாசியிலிருந்து எண்ணினால் பத்து மாதம்தான். கப்பலில் போகவே அதில் எவ்வளவோ கழிந்துவிடும்.

“எந்த வருஷம் தொரை?” என்று கேப்டனைக் கேட்டேன். “டிசம்பர் வரைக்குமா, இதே மாசம் திரும்பி வர்ற வரைக்குமா?”

அவர் யோசிக்கவே இல்லை. “எது ரொம்ப நாளோ அது.”

இந்த மாதத்திலிருந்து இந்த மாதம் வரை என்று அவளிடம் சொன்னேன். அவள் காற்றில் விரலால் பெரிய வட்டம் போட்டாள். “மாரு இச்சிநென்” என்றாள். வட்டமாக, முழுசாக ஒரு வருஷம். அதற்கு அவர்களிடம் தனியாக ஒரு சொல் இருக்கிறது. கேப்டன் அதை இரண்டு மூன்று தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். அவர் உச்சரிப்பைக் கேட்டு ஓசாதோ புருஷன் போன பிறகு முதல் தடவையாகச் சிரித்தாள். உடனே வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஜப்பான் கப்பலைப் பிடிக்க ஓசாதோவும் லிஸியும் மெட்ராஸுக்கு ரயிலேறிய அன்று கேப்டன் ஸ்டேஷனுக்கு வரவில்லை. கீழே வேலை இருக்கிறது என்றார். அன்று கீழே அவருக்கு வேலை இல்லை.

வட்டம் முழுதாகவில்லை. அடுத்த மாசிக்குள் ருஷ்யாவுக்கும் ஜப்பானுக்கும் சண்டை மூண்டது. அந்தத் திசைக்குப் போகிற கப்பல்களைப் பற்றித் தினம் ஒரு வதந்தி. கேப்டன் ஆபீஸுக்கு வந்து, பேப்பர் படிக்கிற குமாஸ்தாவின் தோளுக்குப் பின்னால் நிற்பார். குமாஸ்தா பக்கத்தைத் திருப்பியதும் போய்விடுவார். அவர் தாயார் கார்ன்வாலில் காலமான தந்தி வந்ததும் அந்தக் காலத்தில்தான். இனி குழந்தையை அங்கே அனுப்ப ஆளில்லை. ஆனாலும் அவர் பேப்பருக்கு வருவதை நிறுத்தவில்லை.

ஒரு சாயங்காலம் என்னோடு ரோட்டில் நடந்தபோது, “இப்போ லிஸி நல்லா பேசும் இல்ல?” என்றார். “பேசும் தொரை.” “இன்னா பாஷை பேசும்?” “அம்மா பாஷைதான்.” கொஞ்ச தூரம் போனபின், “தம்பி மாதிரி சிரிக்குமா?” என்றார்.

சண்டை ஓய்ந்ததும் நீண்ட லீவு போட்டுவிட்டுப் போனார். குழந்தையைக் கூட்டிவரத்தான் போகிறார் என்று பேசிக்கொண்டார்கள். பங்களாவை வெள்ளையடிக்கக்கூடச் சொல்லியிருந்தார். ஆனால் தனியாகத்தான் திரும்பி வந்தார். வந்த மறுநாள் என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றவில்லை.

“பார்த்தேன் துபாசி” என்றார். “மலைச்சரிவுல வீடு. கீழ கடலு. ஓசாதோ தையல் வேலை பண்ணுது. லிஸி தினம் என்னை இட்டுக்கினு போயி கப்பலுங்களைக் காட்டும். இது எங்க அப்பா வேலை செஞ்ச இடம், இது அப்பா நின்ன இடம்னு, அம்மா இங்கிலீஷ்ல சொல்லும். புள்ளைக்கு அப்பாவைப் பார்த்த ஞாபகமே இல்லை. அம்மா சொல்லி வெச்சிருக்குது.”

“கூட்டிக்கினு வரலையா தொரை?”

“கேக்கவே இல்லைபா. எப்படிக் கேக்கிறது?” அவர் ஜன்னலைப் பார்த்தார். “ஓசாதோ அங்க ரெடியா இருந்தது தெரியுமா? நான் போன அன்னிக்கே, புள்ளையோட துணியெல்லாம் மடிச்சி வெச்சிருந்தது. சொன்ன வார்த்தை தப்பக்கூடாதுன்னு. நான்தான் அந்த மூட்டையைப் பிரிச்சேன்.”

அவரே மறுபடி ஆரம்பித்தார்.

“கெளம்பற அன்னிக்கு துறைமுகத்துல லிஸி என் விரலைப் புடிச்சிக்கினு ஒரு இங்கிலீஷ் வார்த்தை கேட்டுது. அம்மா கத்துக் குடுத்திருக்கும். ‘எப்போ?’ன்னு. அது ஒண்ணுதான் அதுக்குத் தெரியும். நான் எல்லா பாஷையிலயும் தேடினேன் துபாசி. வாயில ஒண்ணும் வரலை.”

அந்த வருஷ மழை பிடிப்பதற்கு முன் கேப்டன் வேலையை விட்டார். அவருக்குத் தேநீர் விருந்து வைத்தார்கள். மரம் கட்டுகிற ஆட்கள் மாலை போட்டார்கள். நான் பௌரிங்பேட்டை ஜங்ஷன் வரை கூடவே போனேன். அங்கிருந்து மேற்கே போகிற வண்டி பெங்களூர் வழியாகப் பம்பாய்க் கப்பலுக்கு. சீமைக்குத் திரும்புகிற வெள்ளைக்காரர்கள் எல்லோரும் அதில்தான் ஏறுவார்கள். கூலியாள் கேட்காமலேயே பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு அந்த பிளாட்பாரத்துக்கு நடந்தான்.

“ஏம்பா, எங்க போற? இங்க வா” என்று கேப்டன் கத்தினார். “நான் மெட்ராஸ் வண்டிக்குப் போவணும்.”